பதிவு செய்யப்பட்ட எண்

மூன்றாவது தடவையும் நேரம் கடந்து போனபோது, திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. 'இன்றைய முயற்சிகள் முடிந்துவிட்டன. இருபத்துநான்கு மணி நேரம் கழித்து மீண்டும் முயலவும். நன்றி.'

அந்த நன்றிதான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், வில்லை தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணினியை வெறித்துப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது. அப்படியென்றால் நாளை மதியம் இரண்டு ஐம்பதுக்குத்தான் கதவு திறக்கும். நாளை மாலை ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

எல்லாம் என்றால் ஒரு வீடு. ஒரே ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, உள்ளேயே குளியலறை. வீட்டு வசதித் துறை கட்டிய குடியிருப்பில் குலுக்கல் முறையில் கிடைக்கும் வீடு. மூன்று வருடங்களுக்கு முன்னால், பெண் பெயரில் போட்டால் முன்னுரிமை என்று அவள் பெயரில் விண்ணப்பம் போட்டார்கள். போட்டதை அவள் மறந்தேவிட்டாள். இன்று காலை, படிக்கிற கண்ணாடி வேண்டுமென்று ஒரு பெண்மணி வந்தாள். சோதனைக்கு வில்லைகளைப் போட்டு, "இதுல ஏதாவது படிச்சுப் பாருங்க" என்று சின்னவள் சொன்னபோது அந்த அம்மா தன் கைப்பேசியை எடுத்து, "வீட்டு லிஸ்ட் வந்திருக்காம், அதையே படிக்கிறேன்" என்றாள். அந்த அம்மாவின் பெயர் அதில் இல்லை. அவள் போன பிறகு சின்னவள் தேடிப் பார்த்தாள். தன் பெயர் இருந்தது. பட்டியல் வெளியாகி ஆறு நாட்கள் ஆகியிருந்தன. ஏழு நாட்களுக்குள் இணையத்தில் ஒப்புதல் தர வேண்டும், தவறினால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும் என்று கீழே போட்டிருந்தது. தகவல் பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்றும் போட்டிருந்தது.

பதிவு செய்யப்பட்ட எண் அவளுடையது அல்ல. அது அவள் கணவனுடையது. எட்டு மாதமாக அவள் அவனோடு இல்லை; மகள் பாப்பாவோடு அக்கா வீட்டில் இருக்கிறாள்.

பாப்பா பிறந்த வருடம் குடிமக்கள் பதிவு முகாமில் வரிசையில் நின்றபோது, "போன் நம்பர்?" என்று மேசைக்காரர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் தன் எண்ணைச் சொன்னான். "உன் போன் எப்பவும் கடையில பைக்குள்ளதானே கெடக்கும். எனக்கு வந்தா நான் பார்த்துக்கறேன்." அவளுக்கு அப்போது அது நிம்மதியாக இருந்தது. அதை இப்போது நினைத்தால்தான் கூசுகிறது. யாரும் பிடுங்கவில்லை. ஒரு பாரத்தை இறக்கி வைப்பதுபோல அவளே கொடுத்திருக்கிறாள்.

அவன் பேருந்து ஓட்டுநர். வண்டி ஓடும்போது கைப்பேசி தலைக்கு மேலிருக்கும் சின்னப் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தளம் அனுப்பும் ஓடிபி என்ற ஆறு இலக்க எண்ணுக்கு ஆயுள் மூன்று நிமிடம். இது தெரிந்தும் அவள் மூன்று தடவை பொத்தானை அழுத்தினாள். பூட்டிய கதவென்று தெரிந்த பிறகும் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிற மாதிரிதான். மூன்று தடவையும் அந்த எண் எங்கோ ஒரு சாலையில் பெட்டிக்குள் கிடந்து செத்துப் போனது.

உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் இசை ஓடியது. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"பதிவு பண்ணின நம்பருக்குத்தான் மேடம் ஓடிபி வரும்."

"அந்த நம்பர் என்னோடது இல்லம்மா."

"அப்போ உங்க நம்பரை மாத்திக்குங்க மேடம்."

"எப்படி மாத்தறது?"

"ஈஸி மேடம். தளத்துல 'எண் மாற்றம்'னு இருக்கும். அழுத்துனா ஓடிபி வரும்."

"எந்த நம்பருக்கு?"

"பழைய நம்பருக்கு மேடம்."

"அதுதான் எங்கிட்ட இல்லையே."

"புரியுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டாள். எட்டு மாதமாக இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. முன்பெல்லாம் "என்னங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது அந்தச் சொல் வாயில் வருவதில்லை. பெயரைச் சொல்லவும் பழக்கமில்லை. யாரோ வங்கிக்காரரிடம் பேசுவதுபோல "ஹலோ" என்று தொடங்கினாள்.

"வீடு வந்திருக்குன்னு மெசேஜ் வந்துச்சா?"

"ம். வந்துச்சு."

"எப்போ?"

"போன வாரம்."

"ஏன் சொல்லல?"

"வேலை. மறந்துட்டேன்." பிறகு, "நாளைக்குப் பார்த்துக்கலாம். டெப்போவுல கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டான்.

அவன் எதையும் மறக்கிறவன் அல்ல என்பது பன்னிரண்டு வருடம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா?

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா கைப்பேசியைப் பிடுங்கப் போனாள். "குடுடி, நான் கேட்கிறேன். மறந்துட்டாராமா? அவர் பஸ்ஸை எந்த ஸ்டாப்புல நிறுத்தணும்னு மறந்தாரா? சோறு திங்க மறந்தாரா?"

"விடுக்கா."

"விட்டு விட்டுத்தான் இப்படி நிக்கிற."

அத்தான் ஹாலுக்கு வரும் வழியில் இருமினார். நல்ல மனிதர். சின்னவளும் பாப்பாவும் ஹாலில் படுக்க ஆரம்பித்ததிலிருந்து, அறையை விட்டு வருமுன் ஒரு தடவை இருமிவிட்டுத்தான் வருவார். எட்டு மாதமாகத் தன் சொந்த வீட்டில் இருமிக்கொண்டே நடமாடுகிறார். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் சின்னவள் தான் பரப்பி வைத்திருப்பதையெல்லாம் அவசரமாகச் சுருட்டுவாள். சீப்பு, துவாலை, பாப்பாவின் வரைபட நோட்டு. அவர்களுடைய உடைமைகள் அக்காவின் கட்டிலுக்கடியில் இரண்டு பைகளில் இருந்தன. பாப்பா சத்தமாகச் சிரித்தால் அவள் கை தானாகப் பிள்ளையின் வாயைப் பொத்தப் போகும். அந்தக் கையை நினைத்துத்தான் அவளுக்கு வீடு வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டு வசதித் துறை அலுவலகத்துக்குப் போனாள். மூன்று கவுண்டர்களும் மூடியிருந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் 'மக்களின் வசதிக்காக அனைத்துச் சேவைகளும் இணையத்தில்' என்று இருந்தது. உள்ளே ஒருவர் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். எழுந்து வந்து பாதி ஜன்னலைத் திறந்தார்.

அவள் முழுக்கதையையும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அதாவது, ஒப்புதல் குடுக்கணும். அதானே? அது தளத்துல இருக்கும்மா."

"தளத்துல முடியலன்னுதான் சார் இங்க வந்தேன்."

"நேர்ல அலையக்கூடாதுன்னுதானே தளத்துல வெச்சிருக்கோம்."

"நான்தான்னு காட்ட அட்டை கொண்டு வந்திருக்கேன் சார். படம் இருக்கு, கைரேகை இருக்கு. என் முகத்தைப் பாருங்க."

அவர் நிஜமாகவே அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்கதான்மா. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நான் நம்பி என்ன பண்றது? சிஸ்டம் நம்பணுமே." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம் பொண்ணோட சான்றிதழுக்கு நானே ரெண்டு மாசமா முட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். ஜன்னல் மூடியது.

சிஸ்டத்தின் கண்ணுக்கு அவள் என்பது அந்தப் பத்து இலக்கம்தான். அது இருக்கும் இடத்தில்தான் அவள் இருக்கிறாள். அதாவது ஒரு பேருந்துக்குள், ஓட்டுநரின் தலைக்கு மேல், ஒரு பெட்டியில்.

அப்படியானால் அங்கேதான் போக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அவன் வண்டி மூன்று ஐந்துக்கு முனையத்துக்கு வரும், மூன்று இருபதுக்குக் கிளம்பும். அன்று மூன்று பன்னிரண்டுக்கு வந்தது. முதலில் இறங்கியது நடத்துனர்.

"அண்ணி! என்ன அண்ணி, நம்ம வண்டிக்கெல்லாம் வழி தெரியுமா?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைச் சுருக்கிக்கொண்டு, "அண்ணே, அண்ணி வந்திருக்காங்க" என்று உள்ளே சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவன் இருக்கையை விட்டு எழவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தான். சட்டைக் காலரில் ஒரு பொத்தான் இல்லை. அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்தாள்.

"போனைக் குடுங்க."

"சாப்பிட்டியா?"

"எட்டு நிமிஷந்தான் இருக்கு. குடுங்க."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அவள் தன் கைப்பேசியில் தளத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நாளல்லவா, ஊரே அந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது போல. 'சர்வர் பளு. மீண்டும் முயலவும். மீதமுள்ள முயற்சிகள்: 2.'

"அவங்க தப்புக்கு நம்ம கணக்குல கழிக்கிறானுங்களே" என்றான் அவன், எட்டிப் பார்த்து.

அவள் மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை அவன் கைப்பேசி அவள் இடது கையில் துடித்தது. ஆறு இலக்கம். ஒவ்வொன்றாகத் தட்டினாள். முடித்து அனுப்பியதும் பக்கம் வெள்ளையாகி, 'நீங்கள் நீண்ட நேரம் செயல்படாமல் இருந்ததால் வெளியேற்றப்பட்டீர்கள்' என்றது. செயல்படாமல் இருந்தாளாம்! இரண்டு நாளாக அவள் வேறென்ன செய்துகொண்டிருக்கிறாள்?

விசில் ஒலித்தது. நேரக் காப்பாளர் கையை ஆட்டினார்.

"ஏறு, உட்காரு" என்றான் அவன். "போனை நீயே வெச்சுக்க."

ஓட்டுநருக்கு இடப்பக்கம் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகை. வண்டி கிளம்பியது. மீதி ஒரு முயற்சி. ஆடுகிற வண்டியில் அதைச் செலவழிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கொஞ்சம் நிதானப்படட்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டு, பழைய ஓடிபியை அழிக்கலாமென்று அவன் கைப்பேசியின் செய்திகளைத் திறந்தாள்.

அது நீண்டுகொண்டே போனது. எல்லாம் அவளுக்கு வந்தவை. கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு அவள் முறை என்று ஒன்று, ஐந்து மாதத்துக்கு முன்னால். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி ஒன்று. பாப்பாவுக்குத் தடுப்பூசி. அக்கா வீட்டு முகவரிக்கு மாற்றச் சொல்லி அவள் எழுதிப் போட்டிருந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று ஒன்று. அதற்குப் பதில் வரவில்லை என்று மூன்று மாதமாகத் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட அவன் அழிக்கவில்லை. எல்லாம் திறந்து படிக்கப்பட்டிருந்தன. அவளுக்கே தெரியாத அவளுடைய எட்டு மாதம் அந்தச் சின்னத் திரையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

முதல் நிறுத்தத்தில் வண்டி நின்றது.

"எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க."

"வந்தா படிக்கத்தானே செய்வேன்."

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

பின்னால் விசில். வண்டி நகர்ந்தது. அவன் சாலையைப் பார்த்தான். அடுத்த நிறுத்தத்தில் ஏறினவர்கள் உள்ளே போகும் வரை காத்திருந்து, இடையில் நேரமே போகாததுபோலச் சொன்னான்.

"உன்னைப் பத்தி எனக்கு வேற எதுல தெரியும்?"

அவர்களுக்குள் சண்டை என்று ஊருக்குச் சொல்ல ஒன்றும் நடந்ததில்லை. அவன் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. மருத்துவர் "எங்க வலிக்குது?" என்று அவளைக் கேட்டால் அவன் பதில் சொல்வான். அவ்வளவுதான். சரியாகவும் சொல்லிவிடுவான், அதுதான் கொடுமை. சொல்லிச் சொல்லி, தனக்கு எங்கே வலிக்கிறது என்பதை அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு அவள் வந்துவிட்டாள். கிளம்பியது அதிலிருந்துதான். கிளம்பி எட்டு மாதம் ஆகியும், அவள் விஷயங்கள் இன்னும் அவனிடம்தான் முதலில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டாள். "வீடு வந்ததையுமா சொல்லக்கூடாது?"

"சொன்னா நீ போயிடுவ."

"நான் போயி எட்டு மாசமாச்சு."

"அக்கா வீட்டுக்குப் போறது வேற. தனி வீடுன்னா..."

"ஒரு வாரம் பேசாம இருந்தா வீடு கைவிட்டுப் போயிடும்னு இருந்தீங்க."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேர்மை அவளை மேலும் எரிச்சல்படுத்தியது. பொய் சொல்லியிருந்தால் வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா," என்றார் பின்னாலிருந்த ஒரு பெரியவர், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. "அந்தப் போர்டைக் கொஞ்சம் பாரும்மா. அவரு ஒழுங்கா ஓட்டட்டும், நாங்க வீடு போய்ச் சேரணும்."

"நானும் அதுக்குத்தான்யா உட்கார்ந்திருக்கேன்" என்றாள் சின்னவள்.

நாலு இருபது ஆனது. இனித் தள்ளிப்போட முடியாது. அடுத்த நிறுத்தம் பெரிய மருத்துவமனை. நிறையப் பேர் ஏறி இறங்குவார்கள். வண்டி நின்ற கணத்தில் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. ஏறுகிற கூட்டம் குறையத் தொடங்கியது. அவன் கைப்பேசி அசையவில்லை. நடத்துனர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், அவளைப் பார்த்துவிட்டு, பணப் பையில் எதையோ தேடுவதுபோலத் தேட ஆரம்பித்தார். ஓட்டுநர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்தபடி கண்ணாடியில் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளப்பவும் இல்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. பின்னால் ஒருவர் "என்னய்யா, பஸ்ஸா ஆஸ்பத்திரியா?" என்றார்.

எண் வந்தது. ஆறு இலக்கம். அனுப்பினாள்.

'உங்கள் ஒப்புதல் பெறப்பட்டது. தொகுதி மூன்று, நான்காம் மாடி, வீட்டு எண் பதினேழு.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். அழுகையோ சந்தோஷமோ வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அசதிதான். தன்னுடையதைத் தான் வாங்கிக்கொள்ள இவ்வளவு ஆட்டம் ஆடவேண்டியிருந்தது என்ற அசதி. அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. 'சாவி வழங்கும் நாள் பதிவு செய்யப்பட்ட எண்ணுக்குத் தெரிவிக்கப்படும். அன்று வராதவர்களின் ஒதுக்கீடு ரத்தாகும்.'

"கெடைச்சுதா?" என்றான்.

"ம்."

வண்டி கிளம்பியது. இரண்டு கைப்பேசிகளும் மடியில் இருந்தன. இது மறுபடி வாய்க்காது. 'எண் மாற்றம்' பக்கத்தைத் திறந்தாள். நல்லவேளை, அதற்கு முயற்சிகள் தனிக் கணக்கு. பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி, புதிய எண்ணுக்கு ஒரு ஓடிபி. இரண்டையும் போட்டாள். அடுத்த நிறுத்தத்தில் அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அதையும் மாத்திட்டியா?"

"மாத்தணும்ல."

சக்கரத்தின் மேல் அவன் விரல்கள் ஒரு தடவை விரிந்து மூடின. "மாத்து. மாத்த வேண்டியதுதான்."

திரையில் வந்ததை அவள் வாய்விட்டுப் படித்தாள். "உங்கள் கோரிக்கை பதினைந்து வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும். அதுவரை பழைய எண்ணே நடைமுறையில் இருக்கும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். ஒவ்வொருவர் காரணமும் வேறு.

"சாவி மெசேஜ் அதுக்குள்ள வந்தா?" என்றான்.

"உங்களுக்குத்தான் வரும்."

"வந்தா சொல்றேன்."

"போன வாரமும் வந்துச்சு."

அவன் முகம் சிவந்தது. வண்டி ஓடியது. அவளுடைய நிறுத்தம் வந்தது. எழுந்து கைப்பேசியை அவன் கையில் கொடுத்தபோது அவள் சொன்னாள். "வந்த அன்னைக்கே கூப்பிடணும். வண்டி நின்ன உடனே. என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே படிச்சா போதும். வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

"சரி."

"பாப்பாவைப் பார்க்கணும்னா எங்கிட்ட கேளுங்க. மெசேஜ் வரும்னு உட்கார்ந்திருக்காதீங்க."

அவன் தலையை ஆட்டினான். அவள் இறங்கினாள். சிக்னல் சிவப்பில் இருந்ததால் வண்டி நகரவில்லை. நாலு அடி வைத்திருப்பாள், "அண்ணி! அண்ணி!" என்று நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். திரும்பி ஓடினாள். ஓட்டுநர் ஜன்னலில் கைப்பேசியைப் பிடித்திருந்தான்.

"என்ன? ரத்தாயிடுச்சா?"

"இல்ல இல்ல." அவன் சொன்னபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் படித்தான். "எங்கள் இணையச் சேவை உங்களுக்கு எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் அளிக்கவும்." பிறகு அவளைப் பார்த்தான். கட்டை விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "என்ன போடட்டும்?"

பேருந்தின் ஜன்னல்களில் இருந்த அத்தனை முகமும் அவளைப் பார்த்தது. கைப்பையை இறுக்கியிருந்த பெரியவரும் பார்த்தார். சொல்வதற்கு அவளிடம் இரண்டு நாளும் எட்டு மாதமும் பன்னிரண்டு வருடமும் இருந்தன.

"பூஜ்யம் இருக்கா?"

அவன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "இல்ல. ஒண்ணுலருந்துதான் ஆரம்பிக்குது."

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்து ஒலிப்பான்கள் அலறின.

"அப்ப எதுவும் போடாதீங்க" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."